ஒண்ணாவது முடிச்சவன் மூணாவதுக்கு வந்தான்

போன வாரம் ஊர்ல மாரியம்மன் திருவிழா. வெளியூர்ல வேலை பார்க்கிறவங்க எல்லாம் வந்திருந்தாங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கிற பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தனும் வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் நின்னான்.

"மாமா, மல்லாட்டை போட்டிருக்கீங்களா இந்த வருஷம்?"

"போட்டிருக்கேன்டா. ஆள்தான் கிடைக்கல."

"நான் இருந்தா வந்திருப்பேன்"னு சிரிச்சான். அப்புறம் என் பொண்ணு என்ன படிக்கிறான்னு விசாரிச்சான். காலேஜ்னு சொன்னேன். "ஓ" அப்படின்னு மட்டும் சொல்லிட்டு ராட்டினம் பக்கம் போயிட்டான்.

அந்த "ஓ"தான் இந்தப் பதிவை எழுத வெச்சது. என் பொண்ணும் அவனும் பக்கத்து ஊர்ல ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சவங்க. அவன் ஒரு வகுப்பு கீழே. 2020ல ரெண்டு பேருக்கும் பள்ளிக்கூடம் ஒரே நாள்ல மூடுச்சு. ஒருத்தி திரும்பப் போனா, இன்னொருத்தன் போகல. நடுவுல என்ன நடந்துச்சுன்னு தேதி வாரியா எழுதி வெக்கணும்னு ரொம்ப நாளா நினைப்பு. நகரத்துல இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு ஆன்லைன் வகுப்பு, ஜூம் மீட்டிங்னு ஒரு ஞாபகம் இருக்கும். எங்க ஞாபகம் வேற.

பூட்டின கதை

2020 மார்ச் மாசம் நடுவுல முதல்ல சின்ன வகுப்புகளுக்கு லீவு விட்டாங்க. மறுநாளே எல்லா வகுப்புக்கும்னு ஆச்சு. மார்ச் 31 வரைக்கும்தான்னு சொன்னாங்க. பிள்ளைங்க குதிச்சதைப் பார்க்கணும். ஏரிக்கரையில அன்னிக்கு சாயங்காலமே கிரிக்கெட். நாங்களும் பெருசா எடுத்துக்கல. மழைக்கு விடற லீவு மாதிரின்னு நினைச்சோம்.

ஆனா தேர்வை மட்டும் விடல. பிளஸ் டூ கடைசிப் பரீட்சை மார்ச் 24ஆம் தேதி நடந்துச்சு. அன்னிக்கு சாயங்காலம் தமிழ்நாட்டுல 144 தடை, மறுநாள்ல இருந்து நாடு முழுக்க ஊரடங்கு. பஸ் கிடைக்காம, பயத்துல, 30,000க்கும் மேல பிள்ளைங்க அந்தக் கடைசிப் பரீட்சையை எழுதல. அவங்களுக்குன்னு ஜூலை 27ஆம் தேதி தனியா ஒரு தேர்வு வெச்சாங்க.

பத்தாவது கதை இன்னும் மோசம். மார்ச் 27ல ஆரம்பிக்க வேண்டியது தள்ளிப்போச்சு. ஜூன் 1ன்னு சொன்னாங்க. பிறகு ஜூன் 15ன்னாங்க. ஹால் டிக்கெட், முகக்கவசம்னு ஏற்பாடெல்லாம் நடந்துச்சு. ஜூன் 9ஆம் தேதி அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தேர்வே ரத்துன்னு அறிவிச்சார். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ல இருந்து 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம்னு கணக்குப் போட்டு, ஒன்பது லட்சத்துக்கு மேல பிள்ளைங்க தேர்ச்சின்னு ஆச்சு. எங்க தெருவுல ஒரு பொண்ணு அந்த மூணு மாசத்துல ஒரே புத்தகத்தை மூணு தடவை படிச்சு முடிச்சா. தேர்வு இல்லைன்னு கேட்டதும் அவ அழுததைப் பார்த்து, சந்தோஷத்துல அழறாளா துக்கத்துல அழறாளான்னு எங்களுக்குப் புரியல.

இதுல அரசாங்கத்தைக் குறை சொல்ல நான் அவசரப்படமாட்டேன். அந்த நேரத்துல யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நோய் எப்படிப் பரவுதுன்னு டாக்டருங்களே நாளுக்கு ஒண்ணு சொல்லிட்டிருந்த காலம். முதல் மூணு மாசம் மூடினது சரிதான். என் கேள்வியெல்லாம் அதுக்கு அப்புறம் நடந்ததைப் பத்தி.

டிவியில பாடம், வயல்ல பிள்ளை

2020 ஜூலையில கல்வித் தொலைக்காட்சியில பாடம் போட ஆரம்பிச்சாங்க. அந்த சேனல் 2019லயே தொடங்கினது. கெட்ட யோசனை இல்ல. பாடமும் சில நல்லாவே இருந்துச்சு. நானே எட்டாவது அறிவியல் பாடம் ஒண்ணை உட்கார்ந்து பார்த்தேன், மண் பத்தி.

ஆனா ஒரு வீட்டை நினைச்சுப் பாருங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் காலையில ஏழு மணிக்குக் கூலி வேலைக்குப் போயிடுவாங்க. வீட்டுல ஒரு டிவி, மூணு பிள்ளைங்க, மூணு வகுப்பு. பாடம் வர்ற நேரத்துல கரண்ட் இருக்கணும். கரண்ட் இருந்தாலும் ஒண்ணாவது படிக்கிற பிள்ளை தானா டிவி முன்னாடி உட்கார்ந்து 'அ'னா எழுதிக்குமா? ஸ்மார்ட் போன் இருந்தா அது அப்பா பையில வேலைக்குப் போயிடும்.

மதிய உணவும் நின்னுபோச்சு. பதிலுக்கு அரிசியும் பருப்பும் பள்ளிக்கூடத்துல வந்து வாங்கிக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. கொடுத்தது நல்லதுதான். 1982 ஜூலையில எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கிராமங்கள்ல தொடங்கினப்ப நான் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல மூணாவது. தட்டு எடுத்துக்கிட்டு வரிசையில உட்கார்ந்த முதல் கூட்டத்துல நானும் ஒருத்தன். அதனால சொல்றேன், பள்ளிக்கூடத்துச் சோறு வேற, வீட்டுக்கு வர்ற அரிசி வேற. அரிசி வீட்டுக்கு வந்தா வீட்டு அரிசியோட கலந்துடும். மத்தியானம் பன்னிரண்டரை மணிக்குப் பிள்ளை சாப்பிட்டுச்சான்னு பார்க்க ஆள் இருக்காது.

அந்த ஐப்பசியில என் மல்லாட்டை விளைஞ்சு நின்னுச்சு. ஆடிப்பட்டத்துல போட்டது. மழை வர்றதுக்குள்ள புடுங்கியாகணும். ஆள் தட்டுப்பாடு. பொம்பளைங்க கூட பிள்ளைங்களும் வந்தாங்க. நானும் வேண்டாம்னு சொல்லல. அந்தப் பையனும் வந்தான், அப்போ ஒன்பதாவது. பெரியவங்களுக்குச் சமமா புடுங்குவான், அதைவிட வேகமா ஆய்வான். நாலு நாள் வேலை செஞ்சான். நாளுக்கு இருநூறு ரூபா கொடுத்தேன். கடைசி நாள் எண்ணூறு ரூபாயைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு அவன் நடந்துபோன நடை இன்னும் கண்ணுல இருக்கு. சும்மா கிடக்கிற பிள்ளை நாலு காசு சம்பாதிக்குதுன்னு அன்னிக்கு நான் பெருமையாகூட நினைச்சேன்.

திறப்போம், திறக்க மாட்டோம்

இதுக்கு நடுவுல சென்னையில என்ன நடந்துச்சுன்னா, செப்டம்பர் 24ஆம் தேதி ஒரு உத்தரவு வந்துச்சு. பத்து, பதினொண்ணு, பன்னிரண்டு படிக்கிற பிள்ளைங்க விருப்பப்பட்டா அக்டோபர் 1ல இருந்து பள்ளிக்கு வந்து சந்தேகம் கேட்டுக்கலாம்னு. அஞ்சே நாள்ல, 29ஆம் தேதி, அதை நிறுத்தி வெச்சாங்க.

அக்டோபர் 31ல இன்னொரு அறிவிப்பு. நவம்பர் 10ல இருந்து சினிமா தியேட்டர், நவம்பர் 16ல இருந்து ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை பள்ளிக்கூடம். ரெண்டும் ஒரே அறிக்கையில வந்தது. தியேட்டர் சொன்ன தேதியில திறந்துச்சு. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எதிர்ப்பு வந்ததால, பெத்தவங்க கருத்தைக் கேட்டு முடிவு பண்றோம்னு சொன்னாங்க. நவம்பர் 9ஆம் தேதி, திங்கட்கிழமை, எல்லாப் பள்ளியிலும் கூட்டம்.

நானும் போனேன். என் பொண்ணு அப்போ பத்தாவது. பள்ளிக்கூட வாசல்ல சோப்புத் தண்ணி வெச்சிருந்தாங்க. வகுப்புல பெஞ்சுக்கு ஒருத்தரா உட்கார வெச்சு ஒரு தாள் கொடுத்தாங்க. 16ஆம் தேதி திறக்கலாமா, வேண்டாமா, எழுதிக் கையெழுத்துப் போடணும். எங்க அம்மாவுக்கு எண்பதை நெருங்கின வயசு, சுகர் வேற. வீட்டுல போன் இருக்கு, பொண்ணுக்கு நானும் என் வீட்டுக்காரம்மாவும் கொஞ்சம் சொல்லிக் கொடுப்போம். ரெண்டு மாசம் பொறுத்தா ஒண்ணும் குடிமுழுகிடாதுன்னு தோணுச்சு. "இப்போது வேண்டாம்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு ரெண்டு பெஞ்சு தள்ளி அந்தப் பையனோட அம்மா உட்கார்ந்திருந்துச்சு. அது என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க என்ன எழுதினீங்க?"ன்னு கேட்டுச்சு. சொன்னேன். "அப்ப நானும் அதையே எழுதறேன்"னு சொல்லிட்டு என்கிட்டயே தாளைக் கொடுத்துச்சு. நான்தான் எழுதினேன். அது கையெழுத்து மட்டும் போட்டுச்சு.

நவம்பர் 12ஆம் தேதி பள்ளித் திறப்பைத் தள்ளி வெச்சாங்க. பெத்தவங்க கருத்து ரெண்டு விதமா இருந்துச்சு, அதனாலன்னு சொன்னாங்க. அதே மாசம் 25ஆம் தேதி ராத்திரி நிவர் புயல் வந்து எங்க பக்கத்தைப் போட்டுப் பார்த்துட்டுப் போச்சு. அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்தைப் பத்திப் பேச யாருக்கும் நேரமில்ல.

கருத்துக் கேட்டது தப்பா? கேட்காம திறந்திருந்தா நாமளே திட்டியிருப்போம். ஆனா யோசிச்சுப் பார்த்தா, அந்தத் தாள்ல கேட்டது ஒரே கேள்வி: திறக்கலாமா, வேண்டாமா. திறக்கலைன்னா உன் பிள்ளை எப்படிப் படிக்கும், பகல்ல எங்க இருக்கும், யார் பார்த்துக்குவாங்க, இதெல்லாம் அதுல இல்ல. போன் இருக்கிற என் ஓட்டும், போன் இல்லாத அந்த அம்மா ஓட்டும் ஒண்ணா எண்ணப்பட்டுச்சு. போதாக்குறைக்கு அவங்க ஓட்டையும் நானே எழுதிட்டேன்.

மேல இருந்து கீழே

2021 ஜனவரியில மறுபடி கருத்துக் கேட்டாங்க. அதே வாரம் தியேட்டர்ல 100 சதவீதம் ஆள் உட்காரலாம்னு உத்தரவு போட்டு, மத்திய அரசு ஆட்சேபிச்சதால திரும்ப வாங்கினாங்க. பள்ளிக்கூடம் ஜனவரி 19ல திறந்துச்சு, பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் மட்டும். வகுப்புக்கு 25 பேர், வைட்டமின் மாத்திரை, துத்தநாக மாத்திரை. பிப்ரவரி 8ல ஒன்பதாவதும் பதினொண்ணாவதும்.

அந்தப் பையன் போனான். புதுச் சட்டை தைக்க நேரமில்ல, பழைய சட்டை கையில ஏறல. ஆறு வாரம் போனான். நடுவுல பிப்ரவரி 25ஆம் தேதி சட்டசபையில முதல்வர் ஒன்பது, பத்து, பதினொண்ணு எல்லாருக்கும் தேர்வு இல்லாமலே தேர்ச்சின்னு அறிவிச்சார். அறிவிப்பு வந்த மறுநாளே வகுப்புல பாதிப் பேர் இல்லைன்னு என் பொண்ணு வந்து சொன்னா. பாஸ் ஆயாச்சு, இனி எதுக்குப் போகணும்? மார்ச் மாசம் தஞ்சாவூர் பக்கம் பள்ளிப் பிள்ளைங்களுக்குத் தொற்று வந்துச்சு. மார்ச் 22ல இருந்து இந்த மூணு வகுப்பையும் மறுபடி மூடினாங்க. தேர்தல் கூட்டம் மட்டும் ஊர் ஊரா ஜேஜேன்னு நடந்துச்சு. ஏப்ரல் 6 ஓட்டு. எங்க ஊர் வாக்குச்சாவடி எதுன்னா, அதே பூட்டிக் கிடந்த ஆரம்பப் பள்ளிக்கூடம்தான். ஓட்டுக்காக ஒரு நாள் திறந்து, பெருக்கி, வெள்ளையடிச்சு வெச்சிருந்தாங்க.

பிறகு ரெண்டாவது அலை. மே 21ஆம் தேதி ஒரே நாள்ல தமிழ்நாட்டுல 36,000க்கும் மேல தொற்று. எங்க ஊர்லயே மூணு பேர் போனாங்க. அந்த நேரத்துல பள்ளிக்கூடம் மூடியிருந்ததுக்கு நான் நிம்மதிப்பட்டேன், மறைக்கல. ஆட்சி மாறிச்சு. மு.க.ஸ்டாலின் முதல்வராகி, ஜூன் 5ல பிளஸ் டூ தேர்வையும் ரத்து செஞ்சாங்க. பத்தாவது மார்க் பாதி, பதினொண்ணாவது 20 சதவீதம், செய்முறையும் உள் மதிப்பீடும் 30 சதவீதம்னு கணக்குப் போட்டு ஜூலை 19ல முடிவு வந்துச்சு.

2021 செப்டம்பர் 1ல ஒன்பது முதல் பன்னிரண்டு. நவம்பர் 1ல ஒண்ணு முதல் எட்டு.

இந்த வரிசையைக் கவனிச்சுப் பாருங்க. எப்பவும் மேல் வகுப்புதான் முதல்ல. காரணம் பொதுத்தேர்வு. பத்தாவதும் பன்னிரண்டாவதும் தேர்வு எழுதணும், அதனால திறக்கணும். தேர்வு இல்லாத சின்னப் பிள்ளைங்க கடைசி. ரெண்டு ஆட்சியிலும் இதேதான். டென்மார்க்ல 2020 ஏப்ரல் மாசமே பள்ளிக்கூடத்தைத் திறந்தப்ப சின்னப் பிள்ளைங்களைத்தான் முதல்ல கூப்பிட்டாங்க. நம்ம ஐ.சி.எம்.ஆர். தலைவர் பல்ராம் பார்கவாவும் 2021 ஜூலையில, திறக்கிறதா இருந்தா ஆரம்பப் பள்ளிகளை முதல்ல திறக்கலாம்னு சொன்னார். சின்னப் பிள்ளைங்க இந்தக் கிருமியை நல்லாவே சமாளிக்கிறாங்கன்னு அவர் சொன்ன காரணம். அது நடக்கல.

இன்னொண்ணு. உத்தரவு எல்லாருக்கும் ஒண்ணு. சென்னையில மூவாயிரம் பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கும், முப்பத்தொரு பிள்ளைங்களும் ரெண்டு டீச்சரும் ஒரு வேப்பமரமும் இருக்கிற எங்க ஊர்ப் பள்ளிக்கும் ஒரே சட்டம். அந்த முப்பத்தொரு பிள்ளைங்களும் பள்ளிக்கூடம் மூடின அத்தனை நாளும் ஒரே தெருவுல, ஒரே குழாயடியில, ஒரே ஏரியில ஒண்ணாதான் கிடந்தாங்க. டீச்சர்கிட்ட மட்டும்தான் போகல.

திறந்த நாள்

நவம்பர் 1, திங்கட்கிழமை. வாசல்ல மாவிலைத் தோரணம் கட்டி, பிள்ளைங்களுக்கு மிட்டாய் கொடுத்துக் கூப்பிட்டாங்க. நானும் போய் நின்னேன். 2020 மார்ச்ல ஒண்ணாவது படிச்ச எங்க எதிர்வீட்டுப் பையன் நேரா மூணாவதுல உட்கார்ந்தான். ரெண்டாவதுல உட்கார்ந்த பிள்ளைங்க அன்னிக்குத்தான் முதல் முதலா வகுப்புக்குள்ள வந்தாங்க. ஒண்ணாவதே பார்க்காம ரெண்டாவது. டீச்சரம்மா மூணாவது புத்தகத்தை ஒரு ஓரமா வெச்சுட்டு, கரும்பலகையில 'அ' எழுதிச்சு. மூணு வகுப்புக்கும் ஒரே பாடம்.

நாலு நாள்ல தீபாவளி. அப்புறம் விடாத மழை, மழை லீவு. ஜனவரியில ஒமைக்ரான், மறுபடி பூட்டு. 2022 பிப்ரவரி 1ல இருந்துதான் எல்லா வகுப்பும் ஒழுங்கா நடந்துச்சு.

நல்லதையும் சொல்லணும். அரசு தொடங்கின இல்லம் தேடிக் கல்வி எங்க பக்கத்துல நிஜமாவே வேலை செஞ்சுச்சு. 2021 அக்டோபர் 27ல மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்துல முதல்வர் அதைத் தொடங்கி வெச்சார். தினமும் சாயங்காலம் ஒண்ணரை மணி நேரம், ஊர்ல படிச்ச பொண்ணுங்களே தன்னார்வலரா சொல்லிக் கொடுப்பாங்க, மாசம் ஆயிரம் ரூபா. எங்க ஊர்ல பி.எஸ்.சி. முடிச்சு, கல்யாணமாகி வந்த மருமகப் பொண்ணு ஒண்ணு, கோயில் மண்டபத்துல இருபது பிள்ளைங்களை உட்கார வெச்சு, கூழாங்கல்லையும் மல்லாட்டைத் தோலையும் வெச்சுக் கணக்கு சொல்லிக் கொடுத்துச்சு. எதிர்வீட்டுப் பையன் அங்கதான் எழுத்துக் கூட்டினான்.

தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல சுமார் 19,000 குழந்தைகளை வெச்சு, கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் மூணு பேர் ஒரு ஆய்வு செஞ்சாங்க. பள்ளி திறந்த ஆறு மாசத்துக்குள்ள, விட்டுப்போன படிப்புல மூணுல ரெண்டு பங்கைப் பிள்ளைங்க பிடிச்சுட்டாங்கன்னு அதுல வந்துச்சு. அப்படிப் பிடிச்சதுல ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால வந்ததாம். இதைப் படிச்சப்ப எனக்கு சந்தோஷமும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. மண்டபத்துல இருபது பிள்ளைங்க, ஒரு தன்னார்வலர், திறந்த வெளி. இதை 2020 டிசம்பர்லயே, 2021 ஆகஸ்ட்லயே செஞ்சிருக்கலாமே? அதுக்குப் பெரிய கட்டடம் வேணுமா, மருந்து வேணுமா?

இன்னொரு கணக்கும் இருக்கு. 2022ல எடுத்த ஏசர் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல மூணாவது படிக்கிற பிள்ளைங்க நூறு பேர்ல அஞ்சு பேரால கூட ரெண்டாவது பாடத்தைப் படிக்க முடியல. 2018ல அது பத்துப் பேரா இருந்துச்சு. அப்பவே குறைவுதான். அதுலயும் பாதி போச்சு.

வந்தவங்க பிடிச்சுட்டாங்க. வராதவங்க?

அந்தப் பையன் 2021 செப்டம்பர் 1ஆம் தேதி பத்தாவதுக்குப் போயிருக்கணும். அவங்க அப்பாவுக்கு ரெண்டாவது அலையில மூச்சுத் திணறல் வந்து, பிழைச்சார், ஆனா மரம் ஏற முடியல. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கின கடன் இருந்துச்சு. பையன் ஆகஸ்ட்லயே மாமன் மகனோட திருப்பூர் பஸ் ஏறிட்டான். வகுப்பு ஆசிரியர் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தார். என் வீட்டுத் திண்ணையிலதான் உட்கார்ந்து தண்ணி குடிச்சார். "வேலைக்குப் போய்ப் பழகின கை சார், திரும்பப் புத்தகம் பிடிக்காது"ன்னு சொன்னார். யார் வயல்ல பழகினதுன்னு அவருக்குத் தெரியாது.

என் பொண்ணு 2022 மே மாசம் பதினொண்ணாவதுல முதல் பொதுத்தேர்வு எழுதினா. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் தேர்வே இல்லாம வந்தவ. மூணு மணி நேரம் தொடர்ந்து எழுத முடியாம கை வலிக்குதுன்னு சொன்னா. ஆனா எழுதிட்டா.

நான் "வேண்டாம்"னு எழுதின தாளால எதுவும் மாறியிருக்காதுன்னு தெரியும். லட்சக்கணக்கான தாள்ல அது ஒண்ணு. அவன் அம்மாவுக்காக எழுதின ரெண்டாவது தாளும் அப்படித்தான். இருந்தாலும் அடுத்த தடவை இப்படி ஒரு காலம் வந்து, பள்ளிக்கூடத்தைத் திறக்கலாமான்னு தாள் கொடுத்தா, என் பிள்ளையை மட்டும் நினைச்சு எழுத மாட்டேன். பக்கத்து பெஞ்சுல இருக்கிற அம்மாகிட்ட, "திறக்கலைன்னா உன் பையன் பகல்ல எங்கம்மா இருப்பான்?"னு முதல்ல கேட்பேன்.

திருவிழா முடிஞ்சு ஞாயித்துக்கிழமை ராத்திரி அவன் திருப்பூர் பஸ் ஏறினான். பஸ் ஸ்டாப்புக்கு என் வண்டியிலதான் கொண்டுபோய் விட்டேன். தனித்தேர்வரா பத்தாவது எழுதலாம்டா, பணம் நான் கட்டறேன்னு சொன்னேன். "பார்க்கலாம் மாமா"ன்னு சொன்னான். அடுத்த மாசம் போன் போட்டு மறுபடி கேட்கணும்.